வாசகர் கேள்வி பதில்: இதயமும் கல்லீரலும்

சென்ற இதழில், தமிழ் நகைச்சுவைப் படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, 'ஹ்ருதய காலேயம்' என்னும் தெலுங்குப் படத்தைப் போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், நான் பக்கம் பக்கமாக எழுதிய மற்ற விடைகளுக்கு வந்தவற்றைவிட அதிகம். ஆகவே, இந்த இதழில் இடத்தை முழுவதும் அந்தப் படத்துக்கும் அதை ஒட்டிய கேள்விகளுக்கும் ஒதுக்கிவிட்டேன். உரத்தட்டுப்பாடு பற்றியும் பேரன் பெயர் பற்றியும் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணம் வாசகர் ஒருவர்: ஹைதராபாதில் வேலை பார்க்கும் என் மகன் பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் குறிப்பிட்ட படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இது எப்படி ஓடியது? அந்தத் தலைப்புக்குத்தான் என்ன பொருள்?

முதலில் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் 'ஹ்ருதயம்' என்றால் இதயம். 'காலேயம்' என்றால் கல்லீரல். காதல் படங்களின் தலைப்பில் இதயத்தை வைப்பது தமிழிலும் தெலுங்கிலும் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம். அந்த இதயத்துக்குப் பக்கத்தில் கல்லீரலைக் கொண்டுவந்து வைத்தவுடன், அதுவரை கவிதையாக இருந்த சொல் இறைச்சிக் கடைப் பலகையில் எழுதிய சொல்லாக மாறிவிடுகிறது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து இத்தனை காதல் தலைப்புகளையும் ஒரே நேரத்தில் கவிழ்த்துவிட்ட அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். படத்தின் போக்கு முழுவதும் அந்தத் தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

படம் 2014 ஏப்ரல் 4-ஆம் தேதி வெளிவந்தது. தெலங்கானா தனி மாநிலமாவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பு. எடுத்தவர் சாய் ராஜேஷ். ஆனால் திரையில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'ஸ்டீவன் சங்கர்'. ஹாலிவுட்டின் ஸ்பீல்பெர்க்கில் பாதியும் நம் கும்பகோணத்துக்காரரான ஷங்கரில் பாதியும் சேர்ந்த பெயர் அது என்பதை விளக்க வேண்டியதில்லை. கதாநாயகனின் இயற்பெயர் நரசிம்மாச்சாரி. சித்திப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்தவர், பொன் வேலை தெரிந்தவர். அவருக்குச் 'சம்பூர்ணேஷ் பாபு' என்று பெயரிட்டு, 'பர்னிங் ஸ்டார்' என்று பட்டமும் சூட்டினார்கள். மெகா ஸ்டாரும் ரெபல் ஸ்டாரும் பவர் ஸ்டாரும் ஸ்டைலிஷ் ஸ்டாரும் ஏற்கெனவே இருக்கிற ஊரில், எரிந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

படம் வெளிவருவதற்கு முன்பே, அதன் விளம்பரத்தைக் கண்ட இயக்குநர் எஸ். எஸ். ராஜமௌலி அதைப் பற்றி இணையத்தில் சில சொற்கள் எழுதினார். 'மகதீரா'வையும், தமிழில் 'நான் ஈ' என்று வந்த படத்தையும் எடுத்து அப்போதே பெரும்புகழ் பெற்றிருந்தவர் அவர். அவர் எழுதிய மறுநாளிலிருந்து, அதுவரை யாரும் கேட்டிராத சம்பூர்ணேஷ் பாபு எல்லோர் வாயிலும் அடிபடத் தொடங்கினார். ஆனால் ஒரு பெரியவர் நல்ல வார்த்தை சொன்னால் முதல் நாள் கூட்டம்தான் வரும். இரண்டாவது வாரமும் கூட்டம் வர வேண்டுமென்றால் படத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

அப்படி என்ன இருந்தது என்பதற்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தெலுங்குப் படங்களில் கதாநாயகன் திரையில் தோன்றும் முறை ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முதலில் செருப்பு தெரியும்; அதன் அடியில் புழுதி எழும்; பிறகு கை; பிறகு பின்கழுத்து; இடையில் பத்துப் பேர் காற்றில் பறப்பார்கள்; முகம் கடைசியில்தான். கதாநாயகன் தொடையைத் தட்டியவுடன் ஓடி வருகிற ரயில் பின்னோக்கிப் போவதாக அங்கே ஒரு காட்சி பகடியாக அல்லாமல் மெய்யாகவே எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சடங்கு முழுவதையும், ஒன்றும் குறையாமல், மெதுவாக நகரும் காட்சி, முழங்கும் பின்னணி இசை, எதிர் வெளிச்சம், பஞ்ச் வசனம் எல்லாவற்றோடும், கதாநாயகனுக்கு உரியது என்று திரையுலகம் வகுத்து வைத்திருக்கும் எந்த அங்க லட்சணமும் இல்லாத ஒரு மனிதருக்குச் செய்தால் என்ன ஆகும் என்று பார்த்ததுதான் இந்தப் படம். நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்திருப்பீர்கள். நேற்று வரை தெருவில் யாரும் திரும்பிப் பார்க்காத பையனைக் கோட்டுப் போட்டுக் காரில் உட்கார வைத்து, முன்னால் நாகசுரமும் பக்கத்தில் காஸ் விளக்கும் போனால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவன் ராஜாதான். கதாநாயகன் என்பவன் அந்தப் பையனா, அல்லது அந்தக் காரும் விளக்கும் மேளமுமா என்று ஒரு கேள்வியைப் படம் நம் மடியில் தூக்கிப் போட்டுவிட்டு, முகத்தைத் துளிகூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறது.

குறைந்த செலவும் இதற்கு உதவியாக இருந்தது. பெரும் பொருட்செலவில் எடுத்த படத்தில் கணினி வரைகலை மட்டமாக இருந்தால் அது அவமானம். இங்கே அது மட்டமாக இருப்பதே நகைச்சுவை. ஏழ்மையை ஒளிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரே திரைப்பட வகை பகடிதான் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தோடி ராகம் காதில் ஊறியவருக்குத்தான் யாராவது தோடியை வேண்டுமென்றே கோணலாகப் பாடினால் சிரிப்பு வரும். மற்றவருக்கு அது வெறும் சத்தம். உங்கள் மகன் ஹைதராபாதில் அந்த மூலப் படங்களையெல்லாம் பார்த்து ஊறியிருக்கிறார், நீங்கள் பார்க்கவில்லை. அடுத்த முறை அவர் வரும்போது, 2010-இல் சி. எஸ். அமுதன் எடுத்த 'தமிழ்ப் படம்' இருக்கிறதே, அதைப் போடச் சொல்லுங்கள். அப்போது நீங்களும் உங்கள் மனைவியும் சிரிப்பதையும், உங்கள் மகன் பாதி இடங்களில் விழிப்பதையும் காணலாம்.

தஞ்சாவூர் ஆசிரியை ஒருவர்: ஒரு மனிதர் அழகாக இல்லை என்பதையே ஒரு படத்தின் நகைச்சுவையாக்குவது பண்பாடா? வகுப்பில் ஒரு மாணவனை இன்னொருவன் உருவத்தைச் சொல்லிக் கேலி செய்தால் நான் வெளியே நிறுத்துவேன். திரையில் செய்தால் மட்டும் கலையா?

அம்மா, இந்தக் கேள்வியை மூன்று முறை படித்தேன். எளிதாகப் பதில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: 'எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப்பட்ட நகைநான்கு என்ப' என்பது நூற்பா. இதில் முதலில் நிற்கும் எள்ளலுக்கு உரை எழுத வந்த பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், அதை மேலும் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, தன்னைப் பிறர் எள்ளும்போது தானும் நகுவது இன்னொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு எழுதிய அந்த உரை, உங்கள் வகுப்பறையையும் இந்தப் படத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொண்டதுபோல எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மாணவன் செய்வது முதல் வகை. கேலிக்கு உள்ளான பையனுக்கு அந்தச் சிரிப்பில் பங்கு இல்லை. சம்பூர்ணேஷ் பாபு செய்வது இரண்டாம் வகை. என்னைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தச் சிரிப்பை நானே ஏற்பாடு செய்து தருகிறேன் என்று வந்து நிற்கிறார். அதோடு நின்றுவிடவும் இல்லை. படம் ஓட ஓட, சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து, அவரைச் சுற்றிப் புழுதி கிளப்பும் ஏற்பாடுகளின் மேல் விழத் தொடங்குகிறது. அந்த இடமாற்றம் நடக்காத பகடி, நீங்கள் சொல்வதுபோல, வெறும் உருவக் கேலிதான். நம் தமிழ்ப் படங்களில் பருமனானவர்களையும் கறுத்தவர்களையும் குள்ளமானவர்களையும் வைத்துச் செய்யப்பட்ட பல 'நகைச்சுவை'க் காட்சிகளில் அந்த இடமாற்றம் நடக்கவே இல்லை. அவற்றை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இதைச் சொன்னபிறகும் என் மனத்தில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. திரையரங்கில் சிரிக்கும் ஐந்நூறு பேரில் எத்தனை பேர் இரண்டாம் வகையில் சிரித்தார்கள், எத்தனை பேர் முதல் வகையில் சிரித்துவிட்டுப் போனார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. நடிகர் தன் பங்குக்கு ஒரு விடை கொடுத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். 2019-இல் வந்த 'கொப்பரி மட்ட' படத்தில் அவருக்கு மூன்று வேடங்கள். முன்னோட்டத்திலேயே மூன்று நிமிடங்களுக்கு மேல் மூச்சு விடாமல் ஒரே நீட்டில் வசனம் பேசுகிறார். அதைக் கேட்டபிறகு, 'இந்த ஆளுக்கு என்ன தெரியும்' என்று யாரும் சொல்ல முடியாது. மனப்பாடப் பகுதியில் நான்கு வரி ஒப்பிக்கத் திணறும் உங்கள் மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

மன்னார்குடி வாசகர் ஒருவர்: ஒன்றைப் போலச் செய்து அதையே கேலி செய்யும் இந்த வகை வெள்ளைக்காரனிடமிருந்து வந்ததுதானே? நம் மரபில் இதற்கு இடம் உண்டா?

இந்தக் கேள்வியை மன்னார்குடியிலிருந்து கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் அருமை. உங்கள் ஊர்த் திருவிழாவையே களமாக வைத்து, தெலுங்கில், ஓர் அரசர் எழுதிய பகடி நாடகம் ஒன்று இருக்கிறது.

தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி பல மொழிகளில் வல்லவர். திருவாரூர்த் தியாகேசர் மேல் தெலுங்கில் 'பல்லகி சேவா பிரபந்தம்' பாடிய அதே கை, 'சதி தான சூரமு' என்று யட்சகானம் என்னும் இசை நாடகம் ஒன்றையும் எழுதியது. 'மனைவியைத் தானம் செய்வதில் சூரன்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். மன்னார்குடி இராசகோபாலசுவாமி கோயில் விழாவுக்குச் சீடனோடு வருகிறார் சாத்திரம் படித்த அந்தணர் ஒருவர். அங்கே தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியைக் கண்டு மயங்குகிறார். சீடன் குருவுக்குத் தர்மம் எடுத்துச் சொல்ல, குரு சாத்திரத்தைத் தனக்கு வேண்டிய பக்கம் வளைக்க, கடைசியில் பெண்ணின் கணவனிடமே போய் அவளைத் தானமாகக் கேட்கிறார். அடியார் கேட்டதை இல்லையென்னாமல் கொடுக்கும் கதைகள் நம் பக்தி மரபில் எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பெரியபுராணத்து இயற்பகை நாயனார், மனைவியையே கேட்டபோதும் கொடுத்தவர். அப்படிப்பட்ட கதையின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கேட்கிறவனையும் கொடுக்கிறவனையும் மாற்றி வைத்துவிட்டார் சகஜி. வீட்டில் மராட்டி பேசிய மன்னர், அவையின் இலக்கிய மொழியான தெலுங்கில், தமிழ் ஊரின் திருவிழாவை வைத்துச் செய்த நையாண்டி இது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தியது. அந்தப் பெண்ணின் குலத்தை நகைச்சுவைக்குரிய பொருளாக வைத்திருப்பது இன்று படிக்கும்போது உறுத்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நாடகத்தில் அசடாகத் தெரிகிறவர் அந்தப் பெண்ணோ அவள் கணவனோ அல்லர், வேதம் படித்த அந்தப் பெரியவர்தான்.

தெலுங்கு நம் பகுதிக்குப் புதிய மொழியே அல்ல. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இன்றும் நடக்கும் பாகவத மேளா நாடகங்கள் தெலுங்கில்தான் இருக்கின்றன. பிரகலாதனும் இரணியனும் மேடைக்கு வருவதற்கு முன்னால், கூம்புக் குல்லாயோடு ஆடிக்கொண்டு முதலில் நுழைகிறவன் கோணங்கி. சிரிப்பூட்டிவிட்டுத்தான் பக்திக்கு வழிவிடுகிறான். தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இராமாயணத்துக்கு நடுவில் புகுந்து ஊர் வம்பு பேசுவார்கள். அவ்வளவு ஏன், கோயில் வாசலில் பெரிய மேளம் கம்பீரமாக ஒலித்துக்கொண்டிருக்க, அதே நாகசுரத்தையும் தவிலையும் வைத்துக்கொண்டு கரகத்தோடு போகும் மேளத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயரே 'நையாண்டி மேளம்'. என் சிறு வயதில், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் திருவிழாவில், வள்ளி திருமணம் நாடகத்துப் பபூன், அப்போது ஓடிக்கொண்டிருந்த சினிமாவின் கதாநாயகனைப் போலத் தலைமுடியைக் கோதிக்கொண்டு வள்ளியைக் காதலிக்க வந்து நின்றதும், முருகனாக வேடம் கட்டியிருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரைக்குப் பின்னால் ஓடியதும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அன்று மீதி நாடகம் முருகன் இல்லாமலேயே கால் மணி நேரம் நடந்தது.

திருவாரூர் வாசகர் ஒருவர்: இந்த விஷயத்தில் தெலுங்குக்காரர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்களா, நாம் அவர்களைப் பார்த்துச் செய்தோமா?

காலக்கணக்கில் நாம்தான் முந்தி. சிவா நடித்த 'தமிழ்ப் படம்' 2010 ஜனவரியில் வந்தது. பிறந்த குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுக்கப் போகும்போது அந்தக் குழந்தையே வாய் திறந்து பேசி, என்னைச் சென்னைக்கு அனுப்பிவிடு, நான் கதாநாயகன் ஆகிக்கொள்கிறேன் என்று கேட்கும் காட்சி நினைவிருக்கும். அதைப் பீமனேனி சீனிவாச ராவ் இயக்க, அல்லரி நரேஷ் நடிக்க, 2012-இல் 'சுடிகாடு' என்று தெலுங்கில் எடுத்தார்கள். கேலி செய்வதற்குத் தமிழ்ப் படங்களுக்குப் பதிலாகத் தெலுங்குப் படங்களை வைத்துக்கொண்டார்கள். படம் நன்றாக ஓடியது. ஆகையால் 'ஹ்ருதய காலேயம்' வந்தபோது தெலுங்கு ரசிகர்களுக்குப் பகடி பழகியிருந்தது. புதியதாக வந்தது கதாநாயகன்தான்: சிவாவும் நரேஷும் ஏற்கெனவே தெரிந்த நடிகர்கள், இவரோ யாருக்கும் தெரியாதவர்.

கொடுக்கல் வாங்கலில் இதைவிடச் சுவையான கணக்கு ஒன்று உண்டு. 1994-இல் கே. எஸ். ரவிக்குமார் எடுத்த 'நாட்டாமை', மறு ஆண்டே மோகன்பாபு நடிக்கப் 'பெத்தராயுடு' ஆயிற்று. அங்கே பெரும் வெற்றி. தீர்ப்புச் சொல்லும் அந்தப் பெரிய மனிதரைத்தான் 'கொப்பரி மட்ட' கேலி செய்தது. 'கொப்பரி மட்ட' என்றால் தென்னை மட்டை. ஆக, சொம்பும் ஆலமரமும் இங்கிருந்து போய், கால் நூற்றாண்டு கழித்துத் தென்னை மட்டையாகத் திரும்பி வந்திருக்கின்றன. யாருக்கு யார் பாக்கி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்: இன்னொருவர் படத்தின் காட்சியைப் போலவே எடுத்துக் கேலி செய்ய அனுமதி வாங்க வேண்டாமா? சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடி என்ற சொல்லே இல்லை. 52-ஆவது பிரிவு, விமரிசனம் அல்லது மதிப்புரைக்காக ஒரு படைப்பை நேர்மையான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை; பகடி எடுப்பவர் அந்த நிழலில்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது 1996-இல் கேரள உயர்நீதிமன்றத்துக்கு வந்த சிவிக் சந்திரன் வழக்கு. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற 'நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்துக்கொண்டே அதற்கு ஓர் எதிர் நாடகம் எழுதினார் சிவிக் சந்திரன். எடுத்துக்கொண்டது எவ்வளவு, எதற்காக எடுத்துக்கொண்டார், புதிய நாடகம் பழையதன் வருமானத்துக்குப் போட்டியாக வருமா என்ற மூன்றையும் எடைபோட்ட நீதிமன்றம், இது விமரிசனத்துக்காகச் செய்யப்பட்டதே என்ற முடிவுக்கு வந்து, எதிர் நாடகத்தின் பக்கம் நின்றது.

தலைப்பைப் பொறுத்தவரை, வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றமே ஓர் இந்திப் படத்தின் வழக்கில் சொல்லிவிட்டது. மெட்டு விஷயம் வேறு. ஒரு பாட்டின் மெட்டை அப்படியே போட்டு வரிகளை மட்டும் மாற்றிவிட்டு, 'கேலிதானே' என்று தப்பித்துவிடலாம் என எண்ணக்கூடாது; இசை உரிமையாளர்கள் விழிப்பானவர்கள்.

திருத்துறைப்பூண்டி இளைஞர்கள் அறுவர்: எங்களிடம் ஐந்து லட்சம் ரூபாயும், நல்ல கேமராவும், நிறைய நேரமும் இருக்கின்றன. நாங்களும் ஒரு பகடிப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறோம். எதைக் கேலி செய்யலாம்? என்ன கவனிக்க வேண்டும்?

தம்பிகளே, 'நிறைய நேரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் உண்மையான முதலீடு. அதை எழுத்தில் செலவழியுங்கள். பகடி என்பது கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், தோன்றியதைச் செய்வதல்ல. நீங்கள் கேலி செய்யப்போகும் காட்சியை மூலத்தை எடுத்தவரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எத்தனையாவது நொடியில் காற்று அடிக்கிறது, எந்தச் சொல்லில் மேளம் விழுகிறது என்பது வரை தெரிய வேண்டும். நடிப்பவர் எவரும் தான் நகைச்சுவை செய்கிறோம் என்பதைக் காட்டிக்கொள்ளவே கூடாது. உங்களில் எவர் கேமராவுக்கு முன் சிரித்துவிடுகிறாரோ அவரை எடிட்டிங்கில் உட்கார வையுங்கள்.

எதைக் கேலி செய்யலாம் என்று கேட்டால், நம் பகுதியைப் பற்றி வந்த படங்களையே சொல்வேன். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் என்று எழுத்துப் போட்டுவிட்டுப் பொள்ளாச்சியின் தென்னந்தோப்பையும் மலையையும் காட்டுகிறார்கள். திருத்துறைப்பூண்டியில் ஏது மலை? தஞ்சாவூர் விவசாயி என்று வருபவர் மதுரைப் பேச்சுப் பேசுகிறார். நகரத்திலிருந்து வரும் கதாநாயகன் வயலில் இறங்கியவுடன் மண்ணை அள்ளி முகர்ந்து கண்ணீர் விடுகிறான். நம் களிமண்ணைச் சித்திரையில் கையால் அள்ள முடியுமா? பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பெயர்த்தெடுக்கக் கடப்பாரை வேண்டும். அந்தக் கதாநாயகன் கடப்பாரை கொண்டுவரச் சொல்லிக் காத்திருந்து, அது வந்தபிறகு பெயர்த்து, முகர்ந்து, அழுவதாக ஒரு காட்சியை இந்த விடையை எழுதும்போதே நான் கற்பனை செய்து பார்த்தேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்; உரிமைத் தொகை கேட்க மாட்டேன்.

காரியத்துக்கு வருகிறேன். திரையரங்கில் வெளியிட வேண்டுமென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். மாடோ ஆடோ நாயோ நடிக்கிறதென்றால் படப்பிடிப்புக்கு முன்பே விலங்கு நல வாரியத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்; கதாநாயகனின் அறிமுகத்தில் காளை வைத்தே தீர வேண்டுமென்றால், ஒருவர் மேல் சாக்கைப் போர்த்தி இரண்டு கொம்பு வைத்துவிடுங்கள். உங்கள் படத்துக்கு அதுவே பொருத்தம், செலவும் கிடையாது. வயலில் எடுப்பதாக இருந்தால் காலத்தைப் பாருங்கள். சம்பா அறுத்த வயல் சும்மாதானே கிடக்கிறது என்று தையில் இறங்கிவிடாதீர்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவில் முளை விட்டிருக்கும். உங்கள் சண்டைக் காட்சியில் அது மிதிபட்டால், அதற்குப் பிறகு நடக்கும் சண்டையில் நடிப்பு இருக்காது. பயறு எடுத்தபிறகு, மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால், சித்திரையும் வைகாசியும் உங்களுக்கு இருக்கின்றன. வெயிலைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பகடியில் ஒரே வகைச் சிரிப்பை நெடுநேரம் கொடுத்தால் திகட்டிவிடும். நல்ல பகடிப் படங்கள்கூட இடைவேளைக்குப் பிறகு தள்ளாடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சீர்காழி வாசகர் ஒருவர்: அந்த இயக்குநர் பிறகு என்ன ஆனார்?

முகமூடிப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய் ராஜேஷ் ஆகவே எழுதினார். அவருடைய கதையில் வந்த 'கலர் போட்டோ' சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 2023-இல் அவர் எழுதி இயக்கிய 'பேபி'க்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் நம் 'பார்க்கிங்' படத்தின் ராம்குமார் பாலகிருஷ்ணன். இரண்டுமே சிரிப்புப் படங்கள் அல்ல.

நாகப்பட்டினம் வாசகி ஒருவர்: 'ஹ்ருதய காலேயம்' படத்தைத் தமிழில் எடுத்தால் என்ன தலைப்பு வைக்கலாம்?

'இதயமும் கல்லீரலும்' என்று நேராக வைத்தால் எடுபடாது, அம்மா. தமிழில் ஈரலுக்கு ஏற்கெனவே மரியாதை அதிகம். பிள்ளை கிணற்றடிப் பக்கம் போனால் 'ஈரக்குலையே நடுங்கிப்போச்சு' என்கிறோம். நம் தாய்மார்களின் பாசம் பாதி அங்கேதான் குடியிருக்கிறது. இதயத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தால் யாருக்கும் சிரிப்பு வராது, அழுகைதான் வரும். இதுவரை எந்தக் கவிஞரும் தொடாத உறுப்பாகத் தேட வேண்டும். மண்ணீரல் இன்னும் காலியாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.